பள்ளி காட்சிக்கூடம் ஆகலாமா?



சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்தபின் இளைஞர் சிலர் நம்மைச் சூழ்ந்து நின்று ஒரு வினா எழுப்பினர். “ஐயா, பூசை நின்றுபோன ஒரு கிறிஸ்தவக் கோயிலை நாம் பெற்று ஓவியக் காட்சிக்கூடம் ஆக்கலாமா? அது தகுமா, தகாதா?” என்பதே அவ்வினா. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூறி எழுந்திருக்கலாம். ஆயினும் நமக்கு நா எழவில்லை. அவ்வினாவின் பின்னே மெய்யான ஒரு கட்டடமும், அதனுள் வாரந்தோறும் மெழுகுவர்த்தி ஏற்றும் மெய்யான ஒரு மூதாட்டியும் இருந்ததே காரணம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சின்னாறு கடந்து, மறையூர் ஏறி, மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்கு நாம் மாதந்தோறும் சென்று வருவதை நேயர்கள் அறிவர். அத்தோட்டங்களுள் ஒன்றில், லயங்களுக்கு மேலே ஒரு மேட்டில், கல்லடுக்கித் தகரம் வேய்ந்த சிற்றாலயம் ஒன்று உண்டு. திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கொழுந்து பறிக்க வந்த தமிழ் மக்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் தம் முதுகில் கல் சுமந்து கட்டியது அது. வேலையில் ஓய்வு பெற்றவர் லயத்தைக் காலி செய்து கீழ்நாடு இறங்க வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். அவ்வாறே குடும்பங்கள் ஒவ்வொன்றாய் இறங்கின. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் பிழைக்கச் சென்றனர். எஞ்சியோர் டவுனில் உள்ள பெரிய கோயிலுக்கே போய்விடுகின்றனர். ஆறு ஆண்டுகளாக இங்கே பூசை இல்லை. பொறுப்பில் உள்ளோரைக் கேட்டபொழுது, “எடுத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை” என்று எளிதில் கூறிவிட்டனர்.

நம் இளைஞர்கள் மகிழ்ந்தனர். அண்ணல் அம்பேத்கர் வாழ்க்கையும் புத்தர் பெருமான் வரலாறும் ஓவியங்களாக அங்கே தொங்கும் எனக் கனவு கண்டனர். மறைப்பானேன்? அச்செய்தி கேட்டவுடன் நம் உள்ளத்திலும் ஒரு களிப்பு எழுந்தது. அது கலை ஆர்வத்தால் எழுந்த களிப்பன்று. பிறன் வீடு நம் கைக்கு வந்ததே என்னும் வெற்றிக் களிப்பு. அதை நாம் உடனே கண்டுகொண்டோம், கண்டு நாணினோம். ஆதலின் இவ்வினாவை ஆற அமர ஆராய்ந்து இங்கே எழுதுகின்றோம்.

பள்ளி என்னும் சொல்

நாம் வாழும் எல்லைப்புறத்தில் இச்சொல் ஒரு விந்தை. மலையாள அன்பர் கிறிஸ்தவர் கோயிலையும் பள்ளி என்பர். இசுலாமியர் தொழுமிடத்தையும் பள்ளி என்பர். மூணாற்றுக்கு அருகே பள்ளிவாசல் என்றே ஓர் ஊர் உண்டு. குழந்தைகள் படிக்கும் இடம் இரு மொழியிலும் பள்ளிக்கூடம். இவற்றுக்கெல்லாம் முன்னரே பௌத்தத் துறவிகளும் சமணத் துறவிகளும் உறைந்து கற்பித்த இடத்திற்குப் பள்ளி என்று பெயர். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரம் சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என வழங்கிற்று.

ஒரு சொல்லே இத்தனை கை மாறியிருக்கின்றது. எவரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. எவரும் அதனால் குறைந்துபோகவும் இல்லை. ஒரு கட்டடமும் அவ்வாறு கை மாறலாமா? சில மெய்ச் சான்றுகளைக் காண்போம்.

கோவாவும் சிங்கப்பூரும்

சில ஆண்டுகளுக்கு முன் சங்கத்து அன்பர்களுடன் பழைய கோவா நகரத்திற்குச் சென்றிருந்தோம். அங்கே அசிசி பிரான்சிஸ் என்னும் கிறிஸ்தவ முனிவர் பெயரால் ஒரு பெருங்கோயிலும், அதையொட்டி ஒரு மடமும் உள்ளன. 1517-ம் ஆண்டு வந்திறங்கிய அச்சபைத் துறவிகள் தொடங்கியது அது; இன்று நிற்கும் கோயில் 1661-ல் புதுக்கிக் கட்டியது. 1834-ல் போர்த்துகீசிய அரசு துறவற சபைகளைக் கலைத்துவிட்டது, துறவிகள் வெளியேறினர். 1961 டிசம்பரில் கோவா இந்தியாவுடன் இணைந்தது. 1964-ல் நம் நாட்டுத் தொல்பொருள் துறை அம்மடத்தையே காட்சிச்சாலை ஆக்கிற்று.

அதன் மேல்மாடத்தில் போர்த்துகீசிய ஆளுநர்களின் வண்ண ஓவியங்கள், ஏறத்தாழ அறுபது, வரிசையாகத் தொங்குகின்றன. கவசம் பூண்டவர், வாள் பிடித்தவர், தாடி வளர்த்தவர் என ஒருவர் பின் ஒருவராக நம்மை நோக்கி நிற்கின்றனர். அக்கட்டடத்திலேயே கதம்பர் காலத்து நடுகற்களும், உடன்கட்டை ஏறிய பெண்டிரின் சதிக் கற்களும், விஷ்ணு முதலிய தெய்வச் சிலைகளும் வைக்கப்பட்டிருக்கின்றன. வென்றவனும், போரில் மாண்டவனும், தீயில் இட்ட பெண்ணும் ஒரே கூரையின்கீழ்! செபம் ஓதிய நாளில் அம்மடத்தில் இத்தனை பேருக்கு ஒன்றாக இடம் இருந்திராது. 1560 முதல் 1812 வரை, இடையே சில ஆண்டுகள் நீங்கலாக, மாற்றுக் கருத்தினரை விசாரித்துத் தண்டித்த சமய நீதிமன்றம் நடந்த நகரமன்றோ அது!

ஆயினும் ஒன்று நம் மனத்தை உறுத்திற்று. ஆளுநர் ஒவ்வொருவர்க்கும் பெயர் உண்டு. அம்மடத்தின் கல்லைச் சுமந்தவர்க்கும், மரத்தில் பூவேலை செதுக்கிய உள்ளூர்த் தச்சர்க்கும் ஒரு பெயரும் எங்கும் நம் கண்ணில் படவில்லை. பூசை நின்ற பின்னும் பெரியவர்களின் முகமே சுவரை ஆள்கின்றது.

இனிக் கடல் கடந்து நம் தமிழர் பலர் வாழும் சிங்கப்பூருக்கு வருவோம். அங்கே மிடில் ரோடு என்னும் வீதியில் 1870-களில் எழுந்த சிறு ஆலயம் ஒன்று உளது. அங்கே குடியேறிய சீனக் குடும்பத்தினர் மெதடிஸ்டு சபையாராகி, மலாய் மொழியில் அதில் வழிபட்டனர். அவ்வட்டாரத்திலேதான் 1887-ல் சோபியா பிளாக்மோர் என்னும் அம்மையார் ஒன்பது தமிழ்ச் சிறுமியரை வைத்து ஒரு பள்ளி தொடங்கினார். அதுவே பின்னர்ப் பெரிய பெண்கள் பள்ளியாக வளர்ந்தது. ஆலயத்துச் சபையார் பெருகினர், இடம் போதவில்லை. 1929-30-ல் கம்போங் கப்பூர் என்னும் இடத்தில் புதுக்கோயில் கட்டித் தாமாகவே பெயர்ந்தனர். பழைய கட்டடம் ஒரு காலத்தில் உணவகமாயிற்று, பின்னர் மோட்டார் பழுது பார்க்கும் கொட்டகையாயிற்று, தீவிபத்திலும் சிக்கிற்று. 1999-ல் அதைச் செப்பனிட்டுச் சிற்பக் காட்சிக்கூடம் ஆக்கினர். இப்பொழுது அது நிழற்படக் கலைக்குரிய நிலையமாக விளங்குகின்றது. அங்கே வழிபட்டவரை எவரும் விரட்டவில்லை. அவர்கள் வேறிடத்தில் இன்றும் வழிபடுகின்றனர். எண்ணெய்க் கறை படிந்த கொட்டகை கலைக்கூடமானதில் யாருக்கு என்ன குறை?

இரண்டும் காட்சிக்கூடங்களே. ஆனால் ஒன்று அரசாணையால் காலியானது. மற்றது மக்கள் தாமே மனமொப்பி விட்டுச் சென்றது. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத இவ்வேறுபாட்டைத் தருமத்தின் கண் காணவேண்டும்.

துருக்கி நாட்டு இஸ்தான்புல் நகரத்து ஹாகியா சோபியாவும் இதற்குச் சான்று. 537-ல் கிறிஸ்தவப் பேராலயமாக எழுந்தது. 1453-ல் நகரம் வீழ்ந்தபொழுது பள்ளிவாசலாயிற்று. 1934-ல் அரசு அதைக் காட்சிச்சாலையாக்கிற்று. 2020-ல் மீண்டும் பள்ளிவாசலாயிற்று. ஒவ்வொரு மாற்றமும் அந்நாளில் அதிகாரம் படைத்தோர் இட்ட கட்டளை.

நம் வீட்டு நினைவு

“ஐயா, நம்முடைய நாகப்பட்டினத்துப் பள்ளியை இடித்தபொழுது யார் நம்மைக் கேட்டார்கள்? நாம் மட்டும் ஏன் தயங்க வேண்டும்?” என்று ஓர் இளைஞர் சினந்து கேட்டார். அச்சினம் நியாயமானதே. அவ்வரலாற்றை எல்லோரும் அறிதல் நலம்.

ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் மாறவிசயோத்துங்கவர்மன் இராசராச சோழனின் காலத்தில், ஏறத்தாழ 1006-ல், அவ்விகாரத்தை எழுப்பினான். சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்கு அளித்தான். காலம் சென்றது, பௌத்தர் மறைந்தனர், செங்கற் கோபுரம் ஒன்றே எஞ்சிற்று. கடலோடிகள் அதனை அடையாளமாகக் கொண்டு கப்பல் செலுத்தினர். 1867-ல் சேசு சபையார் அரசின் இசைவு பெற்று அதனை இடித்து அகற்றினர். 1856 முதல் அந்நிலத்திலும் சுற்றிலும் கிடைத்த பௌத்தப் படிமங்கள் ஏறத்தாழ முந்நூற்றைம்பது. சென்னை எழும்பூர்க் காட்சிச்சாலையில் அவற்றுள் பல இன்று கண்ணாடிக்குப் பின்னே நிற்கின்றன.

இதில் நாம் கருத வேண்டியது யாது? அந்நாளில் அக்கோபுரத்தில் வணங்குவோர் எவரும் இல்லை. யாரும் வணங்காத பாழ். இடித்தால் யாருக்கு நட்டம்? அன்றைக்கு இவ்வாறு எண்ணுதல் எத்துணை எளிது! ஆனால் எண்பது தொண்ணூறு ஆண்டுகளில் நாம் வந்தோம். 1956-க்குப் பின்னர் இலட்சக்கணக்கானோர் தம்மத்தைத் தழுவினர். நம்முள் ஒருவர் நாகப்பட்டினம் சென்று, “எங்கள் முன்னோர் பள்ளி எங்கே?” என்று வினவினால், காட்ட ஒரு செங்கல் இல்லை. காலியான இடத்திற்கு இனி உரியவர் வரவே மாட்டார் என்று உறுதி கூற எவராலும் இயலாது. இப்பாடத்தைக் கசந்து கற்றவர்கள் நாம். கற்ற நாமே அதைப் பிறர்க்குச் செய்வோமாயின், நாம் கற்றது யாது? பட்ட அடியை எண்ணி வைத்துக்கொண்டு வேறொருவர்க்குத் திருப்பி அடிப்பது கடன் தீர்ப்பதன்று. 1867-ல் இடித்தவர்க்கும் அந்தத் தோட்டத்து மூதாட்டிக்கும் என்ன கணக்கு?

கல்லில் உளதோ புனிதம்?

மற்றொரு நண்பர் வேறு வகையில் வாதித்தார். “எல்லாம் அநித்தியம் என்பது தம்மம். கட்டடமும் அநித்தியம், அதில் ஏற்றும் மெழுகுவர்த்தியும் அநித்தியம். கல்லின்மேல் பற்று வைப்பது அறியாமை. ஆதலின் தயங்காமல் எடுத்துக்கொள்வோம்” என்றார்.

முதற்பாதி உண்மையே. ஆற்றைக் கடக்கத் தெப்பம் கட்டியவன், கரை ஏறியபின் அதைத் தலையில் சுமந்து திரியமாட்டான் எனப் பெருமான் உவமை கூறியருளினார். கோயிலும் மடமும் விகாரமும் தெப்பங்களே. கல்லில் புனிதம் ஊறிக்கிடப்பதில்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கோயிலை நினைவுகூருங்கள். 1872-ல் எழுந்த அக்கோயிலில் ஒரே பீடத்தின்முன் இரு சாதியார் தனித்தனியே அமர இரு கிளையாகக் கட்டி, நடுவே சுவரும் வைத்தனர். 1910-ல்தான் அச்சுவர் நீங்கிற்று. பீடம் புனிதமாக இருந்தும் முப்பத்தெட்டு ஆண்டு சுவர் நின்றது! அதை நோக்க, சாதி கேளாமல் எவரையும் உள்ளே விடும் காட்சிக்கூடம் ஓர் அறத்தைச் செய்கின்றது என்போம். வாயிலில் நிறுத்தப்பட்ட தலைமுறையின் பிள்ளைகளாகிய நமக்கு, திறந்த கதவு எத்துணைப் பெரிது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் நண்பர் கூற்றின் பிற்பாதி பிழை. தெப்பத்தை விடுபவன் கடந்தவனே. கரையில் நிற்பவன் வந்து, நடு ஆற்றில் இருப்பவனின் தெப்பத்தைப் பிடுங்கி, “பற்றை ஒழி” என்று உபதேசித்தல் தம்மம் ஆகாது. அநித்தியம் என்பது நாம் நம்மை நோக்கிக் கூறிக்கொள்ள வேண்டிய பாடம். பிறர் வீட்டுச் சுவரை இடிக்க அதைச் சம்மட்டியாக்கலாகாது. தன் சமயத்தைப் போற்றுவதற்காகப் பிறர் சமயத்தை இழித்தல் தன் சமயத்திற்கே கேடு என்று மாமன்னர் அசோகர் தம் பன்னிரண்டாம் பாறைக் கட்டளையில் பொறித்து வைத்ததும் இது பற்றியே.

நாம் நின்ற இடம்

ஈண்டு நம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறப் பொறுத்தருளவேண்டும். கோவைப் பக்கத்து மில் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டு நூல் நூற்றோம். ஸ்பின்னிங்கில் ராட்டை ஓடும் இரைச்சலிலேதான், இடைவேளைகளில் எழுத்துக் கூட்டிப் புத்தகம் படிக்கப் பழகினோம். மில் மூடப்பட்டது. எந்திரங்கள் எடைக்கு விற்கப்பட்டன. கொட்டகையைத் திருமண மண்டபம் ஆக்கினர். அதில் உறவினர் திருமணத்திற்குச் செல்ல நேர்ந்தது. நாம் நின்ற சைடு இருந்த இடத்தில் இலை போட்டிருந்தார்கள். சாம்பார் வாளியோடு பிள்ளைகள் ஓடினர். எதிரே, முன்பு கார்டிங் எந்திரம் நின்ற மூலையில், நம் தோழர் ஒருவர் வலக்கையின் நான்கு விரல்களை இழந்தார். அம்மூலையில் மணமக்களுக்கு மேடை அமைத்திருந்தது.

அங்கே திருமணம் நடப்பதில் நமக்கு வருத்தமில்லை. நல்ல காரியமே. ஆனால் முகப்பில் பழைய முதலாளியின் பெரிய படம் மாலையோடு தொங்கிற்று. உழைத்த ஆயிரம் பேரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கோவா மாடத்தில் நம்மை உறுத்தியது எது என்று அன்று விளங்கிற்று. கட்டடம் மாறுவதில் குற்றம் இல்லை. அதில் வாழ்ந்தவர் இல்லாதவர்போல் ஆவதே குற்றம்.

மூன்று வினாக்கள்

ஆகவே, தொழுத இடம் காட்சிக்கூடம் ஆகலாமா என்று கேட்போர், முதலில் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்க. ஒன்று: அங்கே வழிபட்டவர் தாமே மனமுவந்து விட்டனரா, அன்றி விடுவிக்கப்பட்டனரா? ஏட்டில் கையெழுத்திட்டவரைக் கேட்பது போதாது. கடைசியாக அங்கே முழந்தாளிட்டவரைக் கேட்கவேண்டும். இரண்டு: மாற்றிய பின் அக்கதவு முன்னினும் அகலத் திறக்குமா? மூன்று: இது யாருடைய இடமாய் இருந்தது என்னும் உண்மையை அச்சுவர் கூறுமா?

இவ்வினாக்களோடு நாம் அந்த மேட்டுக்கு ஏறினோம். சனிக்கிழமை மாலை. எண்பது வயது கடந்த அம்மூதாட்டி தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். மகளின் லயத்தில் தங்கியிருப்பவர். நாம் வந்த காரியத்தை மறைக்காமல் சொன்னோம். நெடுநேரம் பேசவில்லை. பின்னர் நம் கையைப் பற்றிப் பின்சுவரருகே அழைத்துச் சென்றார். சுண்ணாம்பின்மேல் ஆணியால் கீறிய பெயர்கள். நாற்பதுக்கு மேல் இருக்கும். தோட்டத்தில் மாண்டவர்கள், அட்டைக்கடியும் குளிரும் காய்ச்சலும் தின்ற பெயர்கள்.

“படம் மாட்டுங்க தம்பி. பிள்ளைங்க வந்து போனா நல்லதுதான்; எனக்குப் பிறகு யாரு கதவைத் திறக்கப் போறா? ஆனா, இந்தச் சுவத்துக்கு வெள்ளை அடிச்சிராதீங்க. இதுல என் வீட்டுக்காரரு இருக்காரு” என்றார்.

நமக்குத் தொண்டை அடைத்தது. பொறுப்பில் உள்ளோர் எளிதாகத் தந்த இசைவில் இச்சுவரைப் பற்றி ஒரு சொல்லும் இருந்ததில்லை.

டையூத் தீவில் 1598-ல் கட்டிய தோமையர் கோயில் இன்று காட்சிச்சாலையாக உள்ளது. பழைய மரச் சிலைகளை அதில் வைத்திருக்கின்றனர். ஆயினும் ஆண்டுக்கு ஒரு நாள், நவம்பர் 1-ம் தேதி, அங்கே பூசை நடைபெறும் வழக்கம் உண்டு. இதையே நாம் முன்மாதிரியாகக் கொண்டோம். சங்கத்தில் நாம் வைத்த முடிவு இதுவே: அம்மூதாட்டி உள்ளவரை சனிக்கிழமை மாலை அவருடையது. பீடமும் சிலுவையும் இருந்த இடத்திலேயே இருக்கும். பெயர்ச் சுவரைத் தொடுவதில்லை. ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளன்று இறங்கிப்போன குடும்பங்கள் வந்து செபிக்கக் கதவைத் திறந்து வைப்போம். மற்றை இரு சுவர்களில் ஓவியங்கள் தொங்கும். முதற் சுவரில் தோட்டத்து மக்களின் பழைய நிழற்படங்களும், கூடையும் கவ்வாத்துக் கத்தியும். அடுத்த சுவரில் அண்ணலும் பெருமானும்.

இம்முடிவு எல்லோர்க்கும் உவப்பானதன்று. இளைஞர் இருவர் நம்மைக் கோழை என்று கூறி, அடுத்த கூட்டத்திற்கு வரவில்லை. அவர்கள் இல்லாதது நமக்குக் குறையே. அவர்கள் சினத்தில் பாதி நம் சினமும் ஆகும். அவர்கள் இதைப் படிப்பார்களாயின் ஒன்று வேண்டிக்கொள்வோம்: ஒரு சனிக்கிழமை மாலை எம்முடன் அம்மேட்டுக்கு வாருங்கள். அந்தச் சுவரருகே நின்று அப்பெயர்களை ஒருமுறை உரக்கப் படியுங்கள். மாடன், இசக்கி, அந்தோணி, சவரி, முனியம்மா என வரும் அவை யாருடைய பெயர்கள்? எந்தச் சேரியிலிருந்து மலையேறியவர் பெயர்கள்? நம் பாட்டன் பாட்டியர் பெயர்களும் இவையே அன்றோ! அதன் பின்னரும் வெள்ளை அடிக்கலாம் என்று தோன்றினால், வந்து சொல்லுங்கள். கேட்கச் சித்தமாய் இருக்கின்றோம்.

கற்பிக்கும் இடமே பள்ளி. அச்சுவர் நமக்குக் கற்பித்துக்கொண்டிருக்கின்றது. ஆதலின் அது இன்னும் பள்ளியே; காட்சிக்கூடம் ஆன பின்னும் பள்ளியாகவே இருக்குமாறு காப்பது நம் கடன்.